ஊர் நிலத்தில் கொட்டகை, கிடங்கு, வீடு: சிங்கப்பூரிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பூர்வீக நிலத்தை வைத்துக்கொண்டு ஈசூனிலும் உட்லண்ட்ஸிலும் குடியிருப்பவர்கள் மாற்றி மாற்றிக் கேட்கும் சந்தேகங்களைத் தொகுத்திருக்கிறோம். விதிகள் தமிழ்நாட்டுக்குரியவை. இங்கிருந்தபடி செய்யவேண்டியவற்றை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர் பேச்சிலேயே விட்டுவிட்டோம்.

1. என் நிலம், என் காசு. ஒரு மோட்டார் கொட்டகை போடக்கூடவா பர்மிஷன்?

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நிலத்தை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பது ஒன்று. அதன்மேல் எதையாவது எழுப்பலாமா என்பது மற்றொன்று. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் முதல் கேள்வியில் தாராளமாக இருக்கிறது. நிலத்தில் விவசாயம் செய்வதும், அந்த நிலத்தோடு சேர்ந்த கட்டடத்தை விவசாயத்துக்குப் பயன்படுத்துவதும் அனுமதி தேவைப்படும் செயல்கள் அல்ல. ஆனால் புதிதாகச் சுவர் எழுப்புவது பயன்பாடு ஆகாது, கட்டுமானம் ஆகும். அதற்கு இந்தச் சலுகை இல்லை. பாதிப் பேர் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு “விவசாயத்துக்கு பர்மிஷனே வேண்டாமாம்” என்று கிளம்பிவிடுகிறார்கள்.

நடைமுறையில் எட்டுக்கு எட்டு அடி மோட்டார் கொட்டகைக்கு எந்த ஊராட்சியும் வரைபடம் கேட்டு வந்து நிற்பதில்லை. யாராவது மனு போடும் நாளில்தான் காகிதம் தேவைப்படும். அதனால் கட்டுவதற்கு முன்பே ஊராட்சித் தலைவருக்கு ஒரு கடிதம் கொடுத்து, அதன் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். சர்வே எண், உட்பிரிவு எண், நீள அகலம், எந்த எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ளி, எதற்காக என்ற ஐந்தும் அதில் இருக்கவேண்டும். அது அனுமதி ஆகிவிடாது. ஆனால் மறைத்துக் கட்டினீர்கள் என்று பிறகு யாரும் சொல்லமுடியாது.

2. தகர ஷீட்டுதானே? போல்ட் கழட்டினா போச்சு. அதுவும் கட்டடமா?

ஆமாம். 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் கட்டடம் என்பதில் கொட்டகை, குடிசை, தொழுவம் எல்லாவற்றையும் சேர்க்கிறது. செங்கல், மரம், மண், உலோகம் என எதில் செய்தாலும் ஒன்றுதான். சிமெண்டு போடவில்லை என்பது வாதமே இல்லை.

3. சரி, எதை விவசாயக் கட்டடம்னு ஒத்துக்குவாங்க? யார் முடிவு பண்றது?

கூரையையோ பெயர்ப்பலகையையோ பார்த்து முடிவு செய்வதில்லை. நிலத்தின் அளவு, அதில் விளைவது, கட்டடத்தின் அளவு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதைத்தான் களத்துக்கு வரும் அதிகாரி பார்ப்பார். கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். மூன்று ஏக்கர் நெல், ஏக்கருக்கு 35 மூட்டை (60 கிலோ) என்றால் ஒரு போகத்துக்கு 105 மூட்டை. எட்டு மூட்டை உயரத்துக்கு அடுக்கினால் 13 அல்லது 14 அடுக்கு. நடக்க இடம் விட்டு, தரையில் பலகை போட்டு அடுக்கினாலும் 160 சதுர அடி போதும். உரமும் மருந்தடிக்கும் இயந்திரமும் வைக்க இன்னொரு 100 சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று ஏக்கர்க்காரர் அறுபதுக்கு நாற்பதில் கிடங்கு கட்டினால், அதாவது 2,400 சதுர அடி, “நெல் வைக்க” என்ற பதில் நிற்காது.

மாட்டுக்கொட்டகைக்கும் இப்படிக் கணக்கு உண்டு. பசு ஒன்றுக்குக் கூரைக்கடியில் 3.5 சதுர மீட்டர், திறந்தவெளியில் 7 சதுர மீட்டர். எருமைக்கு 4, 8. வளர்ந்த ஆடு ஒன்றுக்கு ஏறத்தாழ 10 சதுர அடி. விண்ணப்பத்தில் இந்தக் கணக்கை ஒரு பத்தியாக எழுதிவிட்டால் பாதிக் கேள்விகள் எழாது.

கட்டிய பிறகு பயன்பாடு மாறுவதில்தான் பெரும்பாலான தகராறு தொடங்குகிறது. கிடங்கு என்று எழுப்பியது ஹாலோபிளாக் போடும் இடமாக, டைல்ஸ் குடோனாக, வாடகைக்கு விடும் பட்டறையாக மாறியிருக்கும். சொந்தக்காரர் ஜூரோங்கில் வேலையில் இருப்பார். மாற்றியது அண்ணன் மகன். நோட்டீஸ் வருவதோ சொந்தக்காரர் பெயருக்கு.

4. நிலம் எந்த வகைன்னு எங்க பார்க்கிறது? இங்கேர்ந்தே முடியுமா?

பெருமளவுக்கு முடியும். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையத்தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது சர்வே எண் கொடுத்தால் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, நில அளவை வரைபடம் (எஃப்எம்பி என்று ஊரில் சொல்வது) கிடைக்கும். சிட்டாவில் நஞ்சையா புஞ்சையா என்று இருக்கும். அ-பதிவேட்டில் அரசு நிலமா, ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலம்), புறம்போக்கா என்பது தெரியும். நத்தம் என்றால் குடியிருப்பு நிலம். கேள்வி 5இல் வரும் சிக்கல் அதற்கு இல்லை.

இரண்டு விஷயங்கள் இதில் தெரியாது. முதலாவது, உங்கள் கிராமம் நகர் ஊரமைப்புத் துறையின் (டிடிசிபி) திட்டப் பகுதிக்குள் வருகிறதா என்பது. வந்தால் அந்த ஊரின் முழுமைத் திட்டத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு என்ன மண்டலம் போட்டிருக்கிறார்கள் என்பதே பேசும். சிட்டாவில் உள்ள நஞ்சை, புஞ்சை பிறகுதான். இரண்டாவது, அரசு நிபந்தனையோடு கொடுத்த ஒப்படைப் பட்டாவா என்பது. பழைய ஒப்படை ஆணையில் “விவசாயத்துக்கு மட்டும்” என்று வரி இருக்கும். அதை வட்டாட்சியர் அலுவலகத்தில் நகல் வாங்கித்தான் பார்க்கவேண்டும்.

சிங்கப்பூரில் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டால் மண்டலம் வந்து நிற்கும். ஊரில் அதே பதிலுக்கு வருவாய்த்துறை, ஊராட்சி, டிடிசிபி, சில சமயம் பொதுப்பணித்துறை என்று நாலு வாசல் ஏறவேண்டும். ஒரு வாசலில் ‘சரி’ என்றால் மற்ற மூன்றிலும் சரி என்று பொருள் இல்லை.

5. லீவுக்குப் போனா தங்க, நஞ்சையில சின்னதா ஒரு வீடு கட்டிக்கலாமா?

திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கும் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற, நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவு குறுக்கே நிற்கும். உள்ளாட்சி தானாக அனுமதி தரமுடியாது. டிடிசிபியின் இசைவு வேண்டும். நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். அதற்கு வேளாண்துறையின் கருத்தும் கேட்பார்கள். இதற்கான விதிகள் 2017இல் வந்தன. நிலத்தின் மதிப்பை வைத்து மாற்றக் கட்டணமும் உண்டு. திட்டப் பகுதிக்குள் விவசாய மண்டலம் என்றால், பண்ணை வீட்டுக்கும் விவசாயக் கட்டடத்துக்கும் மண்டல விதியிலேயே இடம் இருக்கும். எந்த அளவில், எந்த நிபந்தனையில் என்பதை அந்த மாவட்ட டிடிசிபி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

“மோட்டார் ரூம்னு வாங்கிட்டு உள்ள கட்டில் போட்டுக்கலாம்” என்ற யோசனை எல்லா ஊரிலும் இருக்கிறது. குளியலறை, சமையல் மேடை, படிக்கட்டு ஆகிய மூன்றும் வந்தால் அது வீடு. வரைபடத்தில் இல்லாத கழிவுநீர்த் தொட்டியே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு மின்வாரியமும் சேர்ந்துகொள்ளும் (கேள்வி 9).

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் மாடியுமாக வீடு கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அது மனைக்கான வசதி. வயலை மனையாக்கும் வேலையை அது செய்யாது.

6. எங்க டெல்டா முழுசும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிடுச்சே. இனி ஒரு செங்கல் வைக்க முடியாதாமே?

தவறான பேச்சு. 2020ஆம் ஆண்டுச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளையும், புதுக்கோட்டையிலும் கடலூரிலும் சில ஒன்றியங்களையும் (அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, காட்டுமன்னார்கோவில் போன்றவை) உள்ளடக்கியது. எண்ணெய், எரிவாயு எடுப்பு, உலோக உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைப்பு மாதிரியான புதிய தொழில்களைத்தான் அது தடுக்கிறது. வைக்கோல் கொட்டகையையோ களத்தையோ அது தொடவில்லை. இதைச் சொல்லிப் பயமுறுத்தி நிலத்தை மலிவாகக் கேட்பவர்களும் உண்டு.

7. நான் பிஆர். நிலம் அப்பா பேர்ல. தானமா எழுதி வாங்கிட்டுக் கட்டிடலாம்னு பார்க்கிறேன், சரியா?

எழுதி வாங்காதீர்கள். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகனும் (வொர்க் பர்மிட், எஸ் பாஸ், பிஆர் எல்லாரும் இதில் அடக்கம்) ஓசிஐ அட்டைக்காரரும் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) இந்தியாவில் விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டச் சொத்து ஆகியவற்றை விலைக்கும் வாங்கமுடியாது, தானமாகவும் பெறமுடியாது. அந்நியச் செலாவணி விதிகள் அப்படி. திறந்திருக்கும் கதவு வாரிசுரிமை மட்டும்தான். உயில் வழியாகவோ உயில் இல்லாமல் வாரிசாகவோ வரலாம்.

அதனால் அப்பா இருக்கும்வரை அப்பா பெயரிலேயே விண்ணப்பிப்பதுதான் சுத்தம். செலவை நீங்கள் அனுப்பலாம். விண்ணப்பமும் வரைபடமும் அவர் கையெழுத்தில் போகட்டும். சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்து, ஓசிஐ எடுக்காதவரும் இந்தியாவில் வசித்த பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்ததை வைத்துக்கொள்ளலாம். விற்கும்போது, வாங்குபவர் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனாக இருக்கவேண்டும்.

தானப் பத்திரத்தைப் பதிவு அலுவலகம் பதிந்துகொண்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். சார்பதிவாளர் அந்நியச் செலாவணி விதியைப் பார்க்க அங்கே உட்காரவில்லை. பின்னால் கட்டடத் தகராறு வந்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்கள் உரிமையைக் கிளறும்போது அது வெளியே வரும்.

8. என்னால அடிக்கடி போக முடியாது. தம்பிக்குப் பவர் கொடுத்தா போதுமா? இங்க எப்படி எழுதுறது?

போதும், ஆனால் அளந்து கொடுங்கள். கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்க, வரைபடத்தில் கையெழுத்திட, நிலம் அளக்க மனு கொடுக்க, நோட்டீஸ் வாங்கிப் பதிலளிக்க, மேல்முறையீடு செய்ய, வழக்கறிஞரை அமர்த்த அதிகாரம் வேண்டும். விற்க, அடமானம் வைக்க வேண்டாம். சர்வே எண்ணைப் போடுங்கள். “என் சொத்துகள் அனைத்தும்” என்று எழுதிக்கொடுத்துவிட்டு வருந்துபவர்கள் நிறைய.

இங்கே நோட்டரி முன்னால் கையெழுத்திட்டு, சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லாவின் அப்போஸ்டில் (பத்திரத்தை வெளிநாட்டில் ஏற்கவைக்கும் சான்று) வாங்கலாம். சிங்கப்பூர் அப்போஸ்டில் உடன்படிக்கையில் 2021 செப்டம்பர் 16 முதல் இருக்கிறது. அல்லது கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன்னால் கையெழுத்திடலாம். பத்திரம் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத்தீர்வை செலுத்தவேண்டும். இதைத்தான் மறக்கிறார்கள். தம்பி பத்திரத்தை பீரோவில் வைத்துவிட்டு ஐந்தாவது மாதம் எடுத்துக்கொண்டு போவார். கூரியர் உறையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் வந்து சேர்ந்த தேதிக்கு அதுவே சாட்சி.

9. வயல்ல ஃப்ரீ கரண்ட் இருக்கு. கொட்டகைக்கு ஒரு லைட், ஒரு ஃபேன் இழுத்தா என்ன?

இலவச இணைப்பு பாசனத்துக்கு உரியது. அதிலிருந்து வீட்டுக்கோ, வாடகைக்கு விட்ட கிடங்குக்கோ இழுத்தால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் அங்கீகாரமற்ற பயன்பாடு. அந்தப் பயன்பாட்டுக்குரிய கட்டணத்தைப் போல இருமடங்கு போடுவார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் சோதனைக்கு முந்தைய 12 மாதத்துக்குக் கணக்கு. மேல்முறையீட்டுக்கு 30 நாள். அதற்கும் பாதித்தொகையைக் கட்டியாகவேண்டும். பலர் மாட்டிக்கொள்வது விளக்கால் அல்ல, கட்டுமானத்தால். சிமெண்டு பூச்சுக்கு நீர் ஊற்றவும் கலவை இயந்திரம் ஓட்டவும் அதே மோட்டார் இணைப்பைப் பயன்படுத்துவார்கள். கட்டுமானத்துக்குத் தற்காலிக இணைப்பு தனியாக வாங்கவேண்டும்.

வயலுக்கு மேலே கம்பி போகிறதா என்பதையும் கொத்தனாரை அழைப்பதற்கு முன்பே பாருங்கள். 11 கேவி கம்பி என்றால் கூரையின் உச்சியிலிருந்து செங்குத்தாக 3.7 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர் விடவேண்டும். சாதாரணத் தாழ்வழுத்தக் கம்பிக்கு 2.5, 1.2. கம்பி வெயிலில் தொய்யும். நடுவில் மிகத் தாழ்ந்த இடத்தில்தான் அளக்கவேண்டும், கம்பத்தடியில் அல்ல.

10. பக்கத்து வயக்காரர் மனு போட்டு நோட்டீஸ் வந்திருக்கு. வாட்ஸ்ஆப்ல படம் அனுப்பியிருக்காங்க. இப்ப என்ன செய்யணும்?

முதலில் எந்தப் பிரிவில் வந்திருக்கிறது என்று பாருங்கள். கையெழுத்துக்கு மேலே இருக்கும் பத்தியை விட, தலைப்பில் இருக்கும் பிரிவு எண் முக்கியம். நகர் ஊரமைப்புச் சட்டம் 57 என்றால் வேலையை நிறுத்தச் சொல்வது. அன்றே நிறுத்தவேண்டும், பூச்சுவேலையைக்கூடத் தொடரக்கூடாது. 56 என்றால் கட்டியதை அகற்றச் சொல்வது. அதற்குக் குறைந்தது ஒரு மாதக் கெடு கொடுக்கவேண்டும். அந்தக் கெடுவுக்குள்ளேயே, கட்டியதை வைத்துக்கொள்ள 49ஆம் பிரிவில் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும் வழியையும் சட்டம் தருகிறது. கட்டடம் உண்மையிலேயே விவசாயக் கட்டடமாக இருந்து, எல்லைக்குள் இருந்தால் இதுதான் நேரான வழி. 1905ஆம் ஆண்டின் ஆக்கிரமிப்புச் சட்டம், 7ஆம் பிரிவு என்றால் விவகாரமே வேறு. அதற்குக் கேள்வி 11.

பதிலை எழுத்தில், பதிவஞ்சலில் அனுப்பவேண்டும். தொலைபேசியில் அதிகாரியிடம் பேசியது பதில் ஆகாது. சிட்டா, வரைபடம், மூன்று நான்கு ஆண்டு அடங்கல் (கிராமப் பயிர்ப் பதிவேடு), மின் இணைப்பு அட்டை, கேள்வி 1இல் சொன்ன முத்திரையிட்ட கடித நகல் ஆகியவற்றை இணையுங்கள். அடங்கலில் தொடர்ந்து ‘தரிசு’ என்று இருந்தால் விவசாயக் கட்டடம் என்ற வாதம் நொண்டும். அதனால் ஒவ்வொரு பசலியிலும் (வருவாய்த்துறை ஆண்டு) பயிர் சரியாகப் பதிவாகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொள்வது நல்லது.

நோட்டீஸை நிலத்தில் ஒட்டிவிட்டுப் போனாலும் அது கொடுத்ததாகவே எண்ணப்படும் என்று கருதி நடந்துகொள்ளுங்கள். நான் சிங்கப்பூரில் இருந்தேன், கிடைக்கவில்லை என்பதை நம்பிக் காலம் கடத்தவேண்டாம். எதிர்த்தரப்பு உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கிவிடும் என்ற பயம் இருந்தால் கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவிடக்கூடாது என்ற முன்மனு) போட்டுவைக்கலாம். அது 90 நாள் நிற்கும், அதன்பின் புதுப்பிக்கவேண்டும்.

11. சுவர் வாய்க்கால் புறம்போக்குல 2 அடி ஏறிடுச்சுன்னு சொல்றாங்க. ஃபைன் கட்டி சரிபண்ண முடியாதா?

நீர்நிலைப் புறம்போக்கில் அபராதம் கட்டி நிரந்தரமாக்கும் பழக்கத்தை நம்பாதீர்கள். நீதிமன்றங்கள் இதில் இளகுவதில்லை. ஏரி என்றால் ஏரி ஆக்கிரமிப்பை அகற்றும் 2007ஆம் ஆண்டுச் சட்டமும் சேரும். உண்மையிலேயே ஏறியிருந்தால் அந்த இரண்டடியை நீங்களே வெட்டி எடுத்துவிட்டுப் படத்தோடு எழுதிக்கொடுப்பது, முழுக் கொட்டகையையும் காப்பாற்றும்.

ஆனால் ஏறியிருக்கிறதா என்பதை முதலில் நிலைநாட்டவேண்டும். வாய்க்கால் கரை சரிந்து இடம் மாறியிருக்கும். கண்ணால் பார்க்கும் கரை எல்லை அல்ல. இணையத்தில் இறக்கிய வரைபடத்தின் மேல் அளவுகோல் வைத்து அளந்து சண்டை போடுபவர்கள் உண்டு. 1:2000 அளவு வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் இரண்டு மீட்டர். கோட்டின் தடிமனிலேயே உங்கள் இரண்டடி காணாமல் போய்விடும். எழுதியிருக்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அரசு நில அளவருக்குக் கட்டணம் கட்டி அளக்கச் சொல்லுங்கள். இரு பக்கத்துக்காரர்களுக்கும் நோட்டீஸ் போயிருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால் அந்த அளவையே செல்லாது என்பார்கள். எல்லைக்கல் காணாமல் போயிருந்தால் அருகிலுள்ள முச்சந்திக்கல்லிலிருந்து அளந்து வரச் சொல்லவேண்டும்.

12. கூட்டுப் பட்டா. என் பங்குல நான் கட்டுறேன், அக்கா கையெழுத்து எதுக்கு?

பாகப்பிரிவினை ஆகும்வரை ‘என் பங்கு’ என்று வரப்பைக் காட்டமுடியாது. ஒவ்வொரு சென்ட்டிலும் எல்லாருக்கும் பங்கு உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தமும் மகளையும் பங்குதாரராக்கிவிட்டன. திருமணமாகி பினாங்கில் இருந்தாலும் அக்கா அக்காதான். அனுமதி தரும் அலுவலகம் உரிமையைத் தீர்ப்பதில்லை. ஆனால் ஒரு கூட்டுப்பங்காளர் ஆட்சேபம் எழுதிக்கொடுத்தால் கோப்பை மூடிவைத்து “நீதிமன்றத்தில் முடித்துக்கொண்டு வாருங்கள்” என்பார்கள்.

இங்கிருந்து செய்யக்கூடிய எளிய வழி, எல்லாப் பங்காளர்களிடமும் சர்வே எண், கட்டும் இடத்தின் வரைபடம், “இதனால் பங்கின் அளவு மாறாது” என்ற வரி ஆகியவற்றோடு சம்மதக் கடிதம் வாங்குவது. இந்தக் கடைசி வரியைச் சேர்த்தால் பலர் கையெழுத்திட்டுவிடுவார்கள். அவர்கள் பயப்படுவது கொட்டகைக்கு அல்ல, பிறகு அந்த மூலையை நீங்களே வைத்துக்கொள்வீர்களோ என்பதற்குத்தான்.

13. கோழிப்பண்ணை விவசாயம்தானே? அதுக்கு ஏன் ஊரே எதிர்க்குது?

விவசாய மண்டலத்தில் அனுமதிக்கும் பயன்பாட்டில் கோழிப்பண்ணை சேரும். அதனால் இடம் சரி என்று ஆகிவிடாது. 5,000 கோழிக்கு மேல் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்பது மத்திய வாரியத்தின் வழிகாட்டுதல். 4,900 என்று எழுதி மூன்று பெயரில் மூன்று கொட்டகை போடும் தந்திரத்தை அதிகாரிகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

ஊர் எதிர்ப்பது ஈக்கும் நாற்றத்துக்கும்தான். கோட்டாட்சியர் முன்னால் பொதுத்தொல்லை மனு வரும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133 என்று சொன்னது, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 152ஆம் பிரிவு. அங்கே கட்டட அனுமதியைக் காட்டி ஜெயிக்கமுடியாது. எச்சத்தை எத்தனை நாளுக்கொருமுறை எடுக்கிறீர்கள், எங்கே கொட்டுகிறீர்கள், செத்த கோழியை எந்தக் குழியில் போடுகிறீர்கள் என்ற பதிவேடுதான் அங்கே பேசும். தண்ணீர்க் குழாய் ஒழுகி எச்சம் ஈரமானால்தான் ஈ பெருகும். பாதிச் சண்டை ஒரு வாஷரில் தீரும்.

14. மடத்து நிலம், தாத்தா காலத்துக் குத்தகை. நாங்கதான் அறுபது வருஷமா உழுறோம். களம் கட்டலாமா?

உழும் உரிமைக்கு 1955ஆம் ஆண்டின் குத்தகை உழவர் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. கட்டும் உரிமை அதில் இல்லை. நிலம் கோயிலுடையதோ மடத்துடையதோ என்றால் அவர்களின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் ஊராட்சி கொடுக்கும் எந்தக் காகிதமும் உதவாது. நிரந்தரக் கட்டடம் எழுப்புவது குத்தகை நிபந்தனையை மீறியதாகச் சொல்லப்பட்டு, உழும் உரிமையையே ஆட்டிவைத்துவிடும். தார்ப்பாய் விரித்துக் காயவையுங்கள்.

15. நிலத்துக்குப் பக்கத்துல பழைய கற்கோயில். தொல்லியல்காரங்க மோட்டார் கொட்டகையையே தடுக்கிறாங்க. நியாயமா?

சட்டம் அவர்கள் பக்கம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. சித்தன்னவாசல், நார்த்தாமலை பக்கத்துக்காரர்கள் இதை அறிவார்கள். முதல் 100 மீட்டரில் புதுக் கட்டுமானம் எதுவும் கூடாது, விவசாயத்துக்கு என்று விலக்கு இல்லை. ஏற்கெனவே இருக்கும் கொட்டகையைப் பழுதுபார்க்க முன் அனுமதி கேட்கலாம். ஆகவே பழைய சுவரை இடித்துவிடாதீர்கள். இடித்துவிட்டால் பழுதுபார்க்க எதுவும் மிஞ்சாது. புதிதாகக் கட்டவும் முடியாது.

16. பத்து வருஷமா வரி கட்டுறோம். ரசீது இருக்கே?

வரி ரசீது வரி கட்டியதற்கு மட்டும் சான்று. அனுமதி இல்லாத கட்டடத்துக்கும் வரி வாங்குவார்கள்.

17. ஃபைல் எங்க நிக்குதுன்னே தெரியல. இங்கேர்ந்து தகவல் அறியும் சட்டத்துல கேட்கலாமா?

உங்கள் கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் கேட்கலாம். 30 நாளில் பதில் வரவேண்டும். சிங்கப்பூர்க் குடிமகன் ஆகிவிட்டால், ஓசிஐ இருந்தாலும், அந்த உரிமை இல்லை. அது குடிமக்களுக்கு மட்டும். அப்போது தம்பி தன் பெயரில் கேட்கட்டும். ‘ஏன் தாமதம்’ என்று கேட்காதீர்கள், ஏனென்றால் அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். இந்தத் தேதியிட்ட விண்ணப்பம் எந்த அலுவலர் மேசையில் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். கோப்பு பெரும்பாலும் அந்தக் கடிதம் கிடைத்த வாரத்திலேயே அசையும்.

18. தகராறு பண்ற பங்காளியும் சிங்கப்பூர்லதான் இருக்கான். ரெண்டு பேரும் இடத்தை மாத்தி எழுதிக்கிட்டா கொட்டகை தப்பிச்சிடும். தேக்காவிலேயே பேசி முடிச்சிடலாமா?

பேசி முடிக்கலாம், பரிவர்த்தனைப் பத்திரம் எழுதித்தான் முடிக்கக்கூடாது. கேள்வி 7இல் சொன்ன தடை இங்கேயும் வரும். அவன் நிலத்தில் ஒரு துண்டு உங்களுக்கு வருவது வாரிசுரிமை அல்ல. இருவரும் வெளிநாட்டில் வசிப்பவர்கள் என்றால் இரண்டு பக்கமும் மாட்டும்.

நிலம் இன்னும் பிரியாத பொதுச் சொத்தாக இருந்தால் கதை மாறும். பாகப்பிரிவினையில் கொட்டகை நிற்கும் பகுதி உங்கள் பங்கில் விழும்படி கோடு போட்டுக்கொள்ளலாம். அது ஏற்கெனவே உள்ள உரிமையைப் பிரிப்பது, புதிதாக வாங்குவது அல்ல. பிரிந்துவிட்ட நிலம் என்றால், ஊரில் வசிக்கும் உங்கள் அப்பா அல்லது தம்பி அந்தத் துண்டை அவனிடம் உண்மையாகவே விலைக்கு வாங்கலாம். பணமும் அவருடையதாக இருக்கவேண்டும். நீங்கள் கொடுத்து அவர் பெயரில் வாங்கினால் பினாமி என்ற புதுத் தலைவலி. இதுவும் முடியாவிட்டால் நிலத்தை மாற்றாமல், கொட்டகை அந்த இடத்தில் இருக்கும்வரை ஆட்சேபம் இல்லை என்றும் பாதைக்கு எட்டடி விடுவதாகவும் இருவரும் ஒப்பந்தம் எழுதி, அளவரின் வரைபடத்தை அதோடு இணைத்து, ஊரில் நிலுவையில் இருக்கும் வழக்கில் சமரச மனுவாகத் தாக்கல் செய்யலாம்.